லெப்பர்டு கெக்கோ இடுக்கியில் மட்டும் சாப்பிடுகிறது, கிண்ணத்துக்குப் பழக்குவது எப்படி?

அந்திவேட்டை

வணக்கம். ஏழு மாத லெப்பர்டு கெக்கோ (வீட்டில் வளர்க்கும் ஒரு பல்லி வகை), எடை 38 கிராம். இடுக்கியில் பிடித்து ஆட்டினால் மீல்வார்ம் (ஒரு வண்டின் புழு), டூபியா (ஒரு கரப்பான் வகை), பட்டுப்புழு எதுவானாலும் பாய்ந்து பிடிக்கிறது. அதே மீல்வார்மைக் கிண்ணத்தில் போட்டு வைத்தால் சீண்டுவதே இல்லை. மாலையில் பார்த்தால் புழுக்கள் பெரும்பாலும் அப்படியே கிடக்கின்றன. ஒன்றிரண்டு குறைகின்றன, ஆனால் கெக்கோ தின்றதா, ஏறி வெளியே போய்விட்டனவா என்று சொல்ல முடியவில்லை.

இனி வாரத்தில் சில நாள் வீட்டில் இன்னொருவர்தான் தீனி வைக்க வேண்டியிருக்கும். அவருக்குப் பூச்சியை இடுக்கியில் பிடிப்பது ஆகாது, கிண்ணத்தில் கொட்டி வைக்கச் சம்மதம். அதனால்தான் இந்த முயற்சி.

விவரங்கள்: தொட்டி 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம். சூடான பக்கத்து ஒளிவிடத்தின் (ஒளிந்துகொள்ளும் இடத்தின்) தரை 32 டிகிரி செல்சியஸ், தெர்மோஸ்டாட் (வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி) உண்டு. குளிர்ந்த பக்கம் 24. தரையில் மண்ணும் மணலும் கலந்த கலவை. கிண்ணம் கண்ணாடி, உயரம் 6 செ.மீ., வாய் அகலம் 7 செ.மீ. குளிர்ந்த பக்க மூலையில் தண்ணீர்த் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. காலையில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த புழுக்களைக் கால்சியம் தூளில் புரட்டி உடனே போடுகிறோம். தோல் உரிப்பு ஒழுங்காக நடக்கிறது, கழிவும் நன்றாக இருக்கிறது.

எதை மாற்ற வேண்டும்? சில நாள் பட்டினி போட்டால் வழிக்கு வருமா?

வரிவால்

பட்டினி போடாதீங்க. பசி இல்லாம அது கிண்ணத்தை ஒதுக்கலை. கிண்ணத்துக்குள்ள இரை இருக்குன்னே அதுக்குத் தெரியலை. லெப்பர்டு கெக்கோ முதல்ல அசைவைப் பார்க்கும், கிட்டப் போன பிறகுதான் நாக்கை நீட்டி வாசனை பிடிக்கும். அசைவு கண்ணுல படலைன்னா அடுத்த கட்டமே கிடையாது. நீங்க சொன்ன அமைப்புல அசைவு கண்ணுல படாதபடி நாலு விஷயம் சேர்ந்திருக்கு.

முதல்ல கிண்ணம். இந்த அளவு கெக்கோ நடக்கும்போது அதோட கண் தரையிலிருந்து 2, 3 செ.மீ. உயரத்துலதான் இருக்கும். 6 செ.மீ. சுவருக்குள்ள பார்க்கணும்னா முன்கால் ரெண்டையும் விளிம்புல வெச்சு எம்பணும். உள்ள இரை இருக்குன்னு ஏற்கெனவே தெரிஞ்ச கெக்கோதான் அப்படி எம்பும். கண்ணாடியில இன்னொரு கெடுதல் இருக்கு. பக்கவாட்டுல புழு தெரியும், இது நேரா பாயும், மூக்கு கண்ணாடியில இடிக்கும். ரெண்டு தடவை இடிபட்டா அந்த மூலைப் பக்கமே வராது. 7 செ.மீ. வாயும் குறுகல்தான். தலையைச் சாய்ச்சு கடிக்க இடம் வேணும், இல்லைன்னா தாடை விளிம்புல மோதும்.

மெருகு பூசின, ஒளி ஊடுருவாத பீங்கான் கிண்ணம் வாங்குங்க. வாய் 10 முதல் 12 செ.மீ., உள் ஆழம் 3.5 செ.மீ. அளவு. விளிம்பு உள்பக்கமா கொஞ்சம் மடிஞ்சிருந்தா ரொம்ப நல்லது. அதைத் தரைக் கலவையில பாதி புதைச்சு, வெளியில 1.5 அல்லது 2 செ.மீ. மட்டும் தெரியிற மாதிரி வைங்க. கெக்கோவுக்குச் சுவர் தாழ்வு, புழுவுக்கு உயரம். உள்பக்கம் வெளிர் நிறமா இருந்தா பழுப்பு மீல்வார்ம் பளிச்சுன்னு தெரியும். கெட்டித் தரையா இருந்து புதைக்க முடியாதவங்க கிண்ணத்தோட ஒரு பக்கம் தட்டையான கல்லைப் படி மாதிரி வெச்சுடலாம், கல் ஆடக்கூடாது.

ரெண்டாவது, வைக்கிற இடம். குளிர்ந்த மூலை அதோட நடமாட்டப் பாதை இல்லை. சூடான ஒளிவிடத்து வாசல்ல இருந்து 10, 15 செ.மீ. தள்ளி, வெளிய வந்ததும் எதிர்ல படுற மாதிரி வைங்க. நேரடி சூட்டு மேல வேண்டாம், புழு சீக்கிரம் துவண்டுடும். தண்ணீர்த் தட்டு பக்கத்துலயும் வேண்டாம். கால்சியம் தூள் ஈரத்துல கட்டியாகும், தப்பிச்ச புழு தண்ணியில விழுந்து அழுகும்.

மூணாவது நேரம். இது அந்தியில வேட்டையாடுற உயிர். காலையில நீங்க வைக்கிற நேரம் அது தூங்கப் போற நேரம். அது எழுந்து வர்றதுக்குள்ள புழு எல்லாம் ஓரத்துல குவிஞ்சு அசையாம கிடக்கும்.

நாலாவது, ஃப்ரிட்ஜ் புழு. குளிர்ல மரத்துப்போன புழுவைப் போட்டா அது சுள்ளி மாதிரிதான் கிடக்கும். வெளிய எடுத்து 20 நிமிஷம் அறை வெப்பத்துல வெச்சு, நெளிய ஆரம்பிச்ச பிறகு போடுங்க.

இந்த நாலையும் மாத்தினாலே சில கெக்கோ பயிற்சியே இல்லாம சாப்பிட ஆரம்பிச்சுடும். உங்களுது இடுக்கிக்கு நல்லா பழகினது, அதனால கொஞ்சம் வேலை இருக்கு.

கற்பிளவு

மேலே சொன்ன அமைப்பு மாற்றங்கள் எல்லாம் சரி. அதன் பிறகு செய்ய வேண்டிய பயிற்சியைச் சொல்கிறேன். உங்கள் கெக்கோவுக்கு இப்போது இடுக்கிதான் இரை வருவதற்கான அடையாளம். அந்த அடையாளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிண்ணத்துக்கு மாற்ற வேண்டும்.

இன்றிலிருந்து கிண்ணத்துக்கு வெளியே ஒரு புழுகூடக் கொடுக்காதீர்கள். இதுதான் முதல் விதி, பெரும்பாலும் மீறப்படுவதும் இதுவே. கையைப் பார்த்து ஓடி வருகிறதே என்று கண்ணாடி ஓரத்தில் ஒன்று கொடுத்தால் கிண்ணத்தில் சேர்த்த பழக்கம் பின்வாங்கும்.

தொடக்கத்தில் இடுக்கியில் பிடித்த புழுவைக் கிண்ணத்தின் உள்ளே, தரையைத் தொட்டபடி வையுங்கள். கெக்கோ தலையை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். புழுவின் வால் பக்கத்தைப் பிடித்தால் தலைப் பக்கம் தானாக நெளியும். நீங்கள் ஆட்டவே வேண்டாம். இடுக்கியை வேகமாக ஆட்டிப் பழக்கிய கெக்கோவுக்குப் புழுவின் சொந்த அசைவு மந்தமாகத் தோன்றும். அதனால் ஆட்டுவதை வேளைக்கு வேளை குறைத்துக்கொண்டே போய் நிறுத்துங்கள்.

கிண்ணத்துக்குள் தலைவிட்டு எடுப்பது இரண்டு வேளை தடையில்லாமல் நடந்தால் அடுத்த கட்டம். தலை கிண்ணத்தின் மேல் வந்ததும் புழுவை விட்டுவிடுங்கள். இடுக்கியை உடனே தூக்காதீர்கள். நுனி புழுவுக்குப் பக்கத்திலேயே தரையில் கிடக்கட்டும். தூக்கினால் கெக்கோவின் பார்வை இடுக்கியோடு மேலே போய்விடும், கீழே நெளியும் புழுவை மறந்துவிடும். புழுவைக் கவ்விய பிறகு இடுக்கியைச் சுவரோரமாக மெதுவாக இழுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, கெக்கோ வெளியே வருவதற்கு முன்பே கிண்ணத்தில் மூன்று புழுக்களைப் போட்டு வையுங்கள். அது வரும்போது இடுக்கி நுனியால் கிண்ணத்தின் தரையை ஒரு முறை தட்டிவிட்டு எடுத்துவிடுங்கள். கடைசியில் அந்தத் தட்டலும் இல்லாமல், விளக்கு அணைவதற்குச் சற்று முன் கிண்ணத்தை வைத்துவிட்டு அறையை விட்டு வெளியேறிவிட வேண்டும். நீங்கள் நிற்கும்வரை அது உங்கள் கையையே எதிர்பார்க்கும்.

ஒவ்வொரு வேளையிலும் முதல் இரண்டு புழுக்களைப் புதிய கட்டத்தின்படி கொடுங்கள். பத்து நிமிடத்தில் எடுக்காவிட்டால் முந்தைய கட்டத்துக்கு இறங்கி மீதியைக் கொடுத்து வயிற்றை நிரப்புங்கள். இப்படிச் செய்தால் வளரும் பருவத்தில் ஒரு வேளையும் வீணாகாது, எடையும் இறங்காது. உடல்நலமுள்ள, வால் பருத்த வளர்ந்த கெக்கோ ஒரு வாரம் சாப்பிடாமல் இருந்தாலும் தாங்கும். ஏழு மாதக் குட்டியிடம் அந்தச் சோதனை தேவையில்லை. முழுப் பயிற்சிக்கும் சில வாரங்கள் பிடிக்கலாம். அவசரப்பட்டுக் கட்டம் தாண்டினால் திரும்பத் தொடக்கத்துக்கே போக வேண்டியிருக்கும்.

இடுக்கி 25 முதல் 30 செ.மீ. நீளமும், நுனி மூங்கிலோ ரப்பர் உறை போட்டதோ ஆக இருக்கட்டும். வெறும் உலோக நுனியைக் கடித்தால் வாய் ஓரம் புண்ணாகும். வாயில் வலி கண்ட கெக்கோ கிண்ணத்தையும் சேர்த்தே வெறுக்கும்.

நுண்செதில்

கிண்ணம், பயிற்சி பற்றிச் சொல்லியாகிவிட்டது. உள்ளே போடும் பூச்சியும் அதே அளவு முக்கியம். எல்லாப் பூச்சியும் கிண்ணத்துக்கு ஏற்றதல்ல.

மீல்வார்ம்தான் பழக்குவதற்கு முதல் தேர்வு. வழவழப்பான சுவரில் ஏறாது, வெளிச்சத்தில் விட்டால் இருட்டைத் தேடி ஊர்ந்துகொண்டே இருக்கும், அந்த ஊர்தல்தான் நமக்கு வேண்டும். ஆனால் தன் உடல் நீளத்துக்கு எம்பி விளிம்பைத் தொட்டுவிட்டால் தாண்டிவிடும். உங்களிடம் குறைகிற ஒன்றிரண்டு இப்படிப் போனவையா என்பதைக் கிண்ணத்தைச் சுற்றித் தரைக் கலவையைக் கிளறிப் பார்த்தால் தெரிந்துவிடும். மண்ணுக்குள் புகுந்த மீல்வார்ம் அங்கேயே கூட்டுப்புழுவாகி வண்டாக வெளிவரும். சுவரில் கீறல் இருந்தாலோ, கால்சியம் தூள் படலமாக ஒட்டியிருந்தாலோ பூச்சிகளுக்குப் பிடிமானம் கிடைக்கும், ஆகவே கிண்ணத்தை ஒவ்வொரு வேளைக்கும் துடைத்து உலர்த்திய பிறகே பயன்படுத்துங்கள். கிண்ணத்தின் அடி லேசாகச் சொரசொரப்பாகவும் சுவர் வழவழப்பாகவும் இருப்பது சிறப்பு. அடியும் வழுக்கினால் புழு நகர முடியாமல் சுருண்டுவிடும்.

தோல் உரித்த மீல்வார்ம் சில மணிநேரம் வெள்ளையாக, மென்மையாக இருக்கும். பழக்கும் நாட்களில் அவற்றைப் பொறுக்கி முதலில் போடுங்கள். வெளிர் கிண்ணத்தில் நிறம் எடுபடாது என்றாலும் வாசனையும் மென்மையும் பிடித்துப்போய்த் திரும்ப வருவதுண்டு. ஒரு புழுவை நறுக்கி மற்றவற்றோடு போடுவதும் பலன் தரும். அதன் ஈரம் வாசனையைப் பரப்பும், நாக்கை நீட்டித் தொட்டுப் பார்க்கும் கெக்கோவுக்கு அது போதும்.

டூபியா சத்தானது, சுவரிலும் ஏறாது. ஆனால் ஆபத்து என்று தோன்றினால் உறைந்துபோய் அசையாமல் இருப்பது அதன் இயல்பு. கெக்கோவின் நிழல் விழுந்ததும் சமைந்துவிடும். இடுக்கியில் டூபியா பலிப்பதும் கிண்ணத்தில் தோற்பதும் இதனால்தான். மீல்வார்மில் பழக்கம் நிலைத்த பிறகு இரண்டு மீல்வார்மோடு ஒரு சின்ன டூபியா என்று சேர்க்கலாம். பட்டுப்புழு மெதுவாக நகரும், தப்பிக்காது, கடிக்காது. கிண்ணத்துக்கு மிக நல்லது. பிளாக் சோல்ஜர் ஃப்ளை என்ற ஈயின் புழுவில் கால்சியம் இயல்பாகவே நிறைய இருப்பதால் தூளில் புரட்ட வேண்டியதில்லை, ஆனால் கிண்ணம் ஈரமாக இருந்தால் செங்குத்துச் சுவரிலும் ஏறிவிடும். சூப்பர்வார்ம் 5 செ.மீ. வரை வளரும், ஆழமற்ற கிண்ணத்தைத் தாண்டும், கடிக்கவும் செய்யும். இந்த அளவு கெக்கோவுக்கு இப்போது வேண்டாம். அதை ஃப்ரிட்ஜில் வைக்கவும் கூடாது, செத்துவிடும். கிரிக்கெட் பூச்சி கிண்ணத்தில் நிற்காது. தொட்டியில் திரிந்து, தூங்கும் கெக்கோவின் விரலையும் வாலையும் கடிக்கும்.

மெழுகுப்புழு ஆசை காட்டப் பயன்படும் என்று சொல்வார்கள். கொழுப்பு மிக அதிகம், ருசி கண்டால் மற்றதைத் தொடாது. கிண்ணத்துக்குப் பழக்கப்போய் மெழுகுப்புழுவுக்குப் பழக்கிவிட வேண்டாம்.

அளவு: பூச்சியின் அகலம் கெக்கோவின் இரு கண்களுக்கு இடையிலான தூரத்தை மீறக்கூடாது. உங்கள் கெக்கோவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் 8 முதல் 12 நடுத்தர மீல்வார்ம் சரியாக இருக்கும். ஒரே நேரத்தில் நான்கைந்துக்கு மேல் கிண்ணத்தில் போடாதீர்கள். கூட்டம் அதிகமானால் ஒன்றின் கீழ் ஒன்று புகுந்து எல்லாமே அசையாமல் ஒடுங்கிவிடும். தவிடு, ஓட்ஸ் எதையும் கிண்ணத்தில் போட வேண்டாம். புழு அதற்குள் புதைந்துவிடும், கெக்கோ புழுவோடு தவிட்டையும் விழுங்கும்.

அந்திவேட்டை

எல்லோருக்கும் நன்றி. வெளிர் நிறப் பீங்கான் கிண்ணம், வாய் 11 செ.மீ., பாதி புதைத்து சூடான ஒளிவிடத்து வாசல் பக்கம் மாற்றியாயிற்று. இப்போது விளக்கு அணையும் நேரத்தில் தானாக வந்து எட்டிப் பார்க்கிறது. இடுக்கி நுனி உள்ளே கிடந்தால் விழுந்த புழுவை எடுக்கிறது. இடுக்கியே இல்லையென்றால் கிண்ணத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறது.

மூன்று சந்தேகம். சில தடவை புழுவுக்குப் பக்கத்தில் வெறும் தரையைக் கடிக்கிறது, இது கவலைப்பட வேண்டியதா? பழகிய பிறகு கிண்ணத்தில் எந்நேரமும் புழு இருக்கும்படி வைத்துவிடலாமா? கால்சியம் தூளைத் தனிக் குப்பியில் தொட்டிக்குள் வைப்பது பற்றி என்ன நினைக்கிறீர்கள்?

கற்பிளவு

மாறி மாறிப் பார்ப்பது நல்ல அறிகுறி. இடத்தைக் கற்றுக்கொண்டுவிட்டது, ஆளைத்தான் இன்னும் எதிர்பார்க்கிறது. இனி தொட்டிக்கு முன் நிற்காதீர்கள். நெளிந்துகொண்டிருக்கும் மூன்று புழுக்களைப் போட்டுவிட்டு விலகுங்கள், அரை மணி நேரம் கழித்து எண்ணுங்கள். மூன்றும் அப்படியே இருந்தால் இடுக்கிக் கட்டத்தில் மீதியைக் கொடுங்கள்.

குறி தவறுவது எப்போதாவது என்றால் பொருட்படுத்த வேண்டாம். மேலிருந்து கீழ்நோக்கிக் கடிப்பது அதற்குப் புதிய கோணம். தரையில் எதிரே ஓடும் இரையைக் கிடைமட்டமாகப் பாய்ந்து பிடித்துத்தான் பழக்கம். வாய் அகன்ற கிண்ணத்தில் சீக்கிரம் சரியாகிவிடும்.

அடிக்கடி தவறினால் பார்க்க வேண்டியவை வேறு. இமை ஓரத்தில் உரியாத தோல் ஒட்டியிருக்கிறதா, ஒரு கண்ணை மூடியே வைத்திருக்கிறதா, கண்ணில் நீரோ வெள்ளைக் கட்டியோ தெரிகிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். ஒட்டிய தோலைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிய்க்கக்கூடாது. ஈரப் பாசியோ ஈரத்தாளோ வைத்த ஒளிவிடத்தில் இருக்க விட்டு, அப்படியும் போகவில்லையென்றால் ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கடிக்கும்போது விரல் நடுக்கம், தாடை மென்மை, கால் வளைவு தெரிந்தால் கால்சியம் குறைபாட்டின் தொடக்கமாக இருக்கலாம், தாமதிக்காதீர்கள். அல்பினோ (கருநிறமி இல்லாத) வகை என்றால் பளீர் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு குறி தவறும். தொட்டியை மங்கலாக்கிய பிறகு தீனி வைத்தால் தேறிவிடும். எனிக்மா என்ற நிற வகையில் தலை சாய்வதும் சுற்றிச் சுற்றி வருவதும் குறி தவறுவதும் பிறவியிலேயே வரக்கூடிய நரம்புக் கோளாறு. அந்தக் கெக்கோக்களுக்கு இரை சிதறி ஓடாமல் ஓரிடத்தில் கிடைக்கும் கிண்ணம் பெரிய உதவி.

வரிவால்

எந்நேரமும் புழு இருக்கிற கிண்ணம் பத்தி: குட்டியா இருக்கிறவரைக்கும், அதுவும் ராத்திரி முழுக்கன்னா எனக்கு ஆட்சேபணை இல்லை. குட்டிகள் ஒரே மூச்சுல சாப்பிடாது. வரும், ரெண்டு எடுக்கும், சூட்டுக்குப் போய்ப் படுக்கும், நடு ராத்திரி திரும்ப வரும். அந்தச் சுதந்திரம் கிண்ணத்துலதான் கிடைக்கும். கூச்ச சுபாவமுள்ள கெக்கோவுக்கு ஆள் இல்லாத நேரத்துல சாப்பிட விடுறது ரொம்ப நல்லது.

நுண்செதில்

இரவு முழுக்க என்பதை ஏற்கிறேன், பகலிலும் என்பதை ஏற்க மாட்டேன். புரட்டிய கால்சியம் தூள் பூச்சியின் மேல் வெகுநேரம் நிற்காது. ஊரும்போது உதிரும், விடியும்போது வெறும் புழுதான் மிச்சம். மீல்வார்மில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். தூள் உதிர்ந்த மீல்வார்மை மாதக்கணக்கில் தின்னும் கெக்கோவுக்கு எலும்பு பலவீனமாகும். இது கண்ணுக்குத் தெரியும்போது ஏற்கெனவே பாதி கெட்டிருக்கும், அதனால்தான் இதில் விட்டுக்கொடுக்க முடியவில்லை. இன்னொன்று, எந்நேரமும் கிடைத்தால் வளர்ந்த கெக்கோ அளவுக்கு மீறிக் கொழுக்கும். வால் கழுத்தைவிட அகலமாகி, முன்கால் அக்குளில் கொழுப்புப் பை தொங்குவது அதன் அடையாளம். காலையில் எண்ணி எடுத்துவிடுங்கள். எண்ணினால்தான் எத்தனை தின்றது என்ற கணக்கும் இருக்கும்.

கால்சியம் குப்பி: வைட்டமின் டி3 கலக்காத வெறும் கால்சியம் என்றால் வைக்கலாம், சில கெக்கோ நக்கும். அதை நம்பித் தூளில் புரட்டுவதை நிறுத்திவிடக் கூடாது. டி3 கலந்ததைத் தொட்டியில் வைக்கவே கூடாது, அளவு மீறினால் நஞ்சாகும். யூவிபி (புற ஊதா) விளக்கு இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து டி3 எவ்வளவு என்பது மாறும், தயாரிப்பின் உறையில் உள்ளபடி போங்கள். மல்ட்டிவைட்டமின் வாங்கும்போது ரெட்டினால் வடிவத்தில் வைட்டமின் ஏ உள்ளதா என்று பார்ப்பது நல்லது. அது குறைந்தால் முதலில் பாதிக்கப்படும் உறுப்புகளில் கண் ஒன்று. கண் போனால் கிண்ணப் பழக்கமும் போகும்.

வரிவால்

பகல்ல எடுத்துடணுங்கிறது சரிதான், நான் சொன்னதும் ராத்திரிக்குத்தான். வளர்ந்த பிறகு வாரத்துக்கு ரெண்டு மூணு வேளை போதும், அப்போ தீனி இல்லாத நாள்ல கிண்ணத்தையே வெளிய எடுத்துடுங்க. காலிக் கிண்ணம் தினமும் கண்ணுல பட்டுக்கிட்டே இருந்தா அதுக்கு மதிப்பு போயிடும். கிண்ணம் வந்தா சாப்பாடு வருதுங்கிற தொடர்பு அறுபடக்கூடாது.

அந்திவேட்டை

புரிந்தது. கடைசியாக ஒன்று: இன்னொருவர் வைக்கும் நாட்களுக்கு எப்படித் தயார் செய்து கொடுப்பது? அவர் புழுவைத் தொடவே மாட்டார்.

நுண்செதில்

மூடியில் ஊசித்துளை போட்ட சின்ன டப்பாக்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வேளைக்கு ஒரு டப்பா. ஒவ்வொன்றிலும் பத்து மீல்வார்ம், அவற்றை மூடும் அளவு தவிடு. ஃப்ரிட்ஜில் 7 முதல் 10 டிகிரி இருக்கும் தட்டில் வைத்தால் புழு வளராமல் ஒடுங்கியிருக்கும். டப்பாவில் போடுவதற்கு முன் ஒன்றிரண்டு நாள் அறை வெப்பத்தில் கேரட்டும் கீரையும் போட்டு நன்றாகத் தின்ன விடுங்கள். ஃப்ரிட்ஜில் வெறும் தவிட்டில் கிடந்து வயிறு காய்ந்த புழுவில் சத்து இல்லை. வாரத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து ஒருநாள் தீனி கொடுத்துத் திரும்ப வைக்க வேண்டும். கூட்டுப்புழுவாக மாறியதையும் கறுத்து மெலிந்ததையும் பொறுக்கி எறியுங்கள்.

அவர் செய்ய வேண்டியது: மாலையில் டப்பாவை எடுத்து 20 நிமிடம் வெளியே வைப்பது. சல்லடையில் கொட்டித் தவிட்டைச் சலிப்பது. காலி டப்பாவில் இரண்டு சிட்டிகை கால்சியம் போட்டு, சலித்த புழுக்களைச் சாய்த்து, மூடிக் குலுக்குவது. திரும்பச் சல்லடையில் தட்டி அதிகத் தூளை உதிர்த்துவிட்டு, பாதிப் புழுக்களைக் கிண்ணத்தில் சாய்ப்பது. ஒரு மணி நேரம் கழித்து, காலியாகியிருந்தால் மீதியையும் சாய்ப்பது. எங்கும் விரல் படாது. காலையில் கிண்ணத்தோடு எடுத்து, மிச்சத்தை எண்ணி ஒரு தாளில் எழுதிவிட்டுக் கழுவி உலர்த்துவது.

கற்பிளவு

அந்தத் தாளிலேயே எடையையும் எழுதுங்கள். ஒரு கிராம் துல்லியம் காட்டும் தராசில் மூடி உள்ள டப்பாவை வைத்து, பூஜ்ஜியமாக்கி, வாரம் ஒருமுறை தீனிக்கு முன் எடை பாருங்கள். 38 கிராம் கெக்கோ 34க்கு வந்தால் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள். அப்போது பயிற்சியை நிறுத்தி இடுக்கிக்குத் திரும்புங்கள். இடுக்கியிலும் மறுத்தால் சிக்கல் கிண்ணத்தில் இல்லை. முதலில் வெப்பத்தைத் தரையளவில் அளந்து பாருங்கள். தெர்மோஸ்டாட்டின் முகப்பில் காட்டும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம், அதன் உணரி நகர்ந்திருந்தால் எண் 32 காட்டும்போதே தரை ஆறிக் கிடக்கும். வயிற்றுக்கு அடியில் சூடு இல்லாமல் செரிமானம் நடக்காது, செரிக்காமல் பசியும் வராது.

தோல் வெளிறிப்போயிருந்தால் உரிக்கப்போகிறது, இரண்டு மூன்று நாள் மறுப்பது வழக்கம். வளர்ந்த ஆணும் பெண்ணும் இனப்பெருக்கப் பருவத்தில் தீனியைக் குறைக்கும், எடை நிலையாக இருந்தால் விட்டுவிடலாம். வெப்பம் சரியாக இருந்து, தோலும் உரித்து முடித்து, வால் மெலிந்துகொண்டே போனால் அது வேறு கதை. குடல் ஒட்டுண்ணி, முக்கியமாகக் கிரிப்டோஸ்போரிடியம், வாலைக் குச்சியாக்கிவிடும். புதிய கழிவை மூடிய டப்பாவில் போட்டு, உலராமல் ஃப்ரிட்ஜில் வைத்து, அன்றோ மறுநாளோ மருத்துவரிடம் கொண்டுபோங்கள். புழு வைத்திருக்கும் அதே தட்டில் வைத்துவிடாதீர்கள். டப்பாவின் மேல் தேதியும், எடுத்த நேரமும், கடைசியாகத் தின்ற பூச்சி என்ன என்பதும் எழுதியிருந்தால் மருத்துவருக்கு வேலை எளிது.